திசைவிரதமும் கடல் கடந்த சுற்றுலாவும்

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட பன்னிரு விரதங்களுள் அணுவிரதம் ஐந்தனை நம் இல்லங்களில் சிறுவரும் தடையின்றி ஒப்பிப்பர். அவற்றை அடுத்து நிற்கும் குணவிரதம் மூன்றும் எவை என்று வினவினால் பெரியோரும் சற்றே தயங்குவது உண்டு. தத்துவார்த்த சூத்திரம் அவற்றைத் திக்குவிரதம், தேசவிரதம், அநர்த்ததண்ட விரதம் என முறைப்படுத்தும். சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் பின்னிரண்டில் சிறிது வேறுபடினும், திசைக்கு எல்லை வகுக்கும் விரதத்தையே முதலில் வைக்கின்றன. சுற்றுலாவைக் குறித்து இல்லறத்தார் அறிய வேண்டுவன பல இந்த விரதத்தினுள்ளே அடங்கியுள்ளன. ஆகவே இவ்விதழின் பாடத்தை இதிலிருந்தே தொடங்குவோம்.

திக்குவிரதமாவது, பத்துத் திசைகளிலும் இவ்வளவு தொலைவு வரையே செல்வேன் என வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக் கொள்வது. தேசவிரதமாவது, அந்தப் பரப்பினுள்ளும் ஒரு நாளைக்கோ ஒரு திங்களுக்கோ மேலும் குறுக்கிக் கொள்வது. எல்லைக்கு எதனைக் குறியாகக் கொள்வது? கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை அளவு என யாவரும் அறிந்தவற்றையே கொள்க என்று நூல்கள் கூறும். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு இக்குறிகள் கண்முன்னே நிற்கின்றன. வடக்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயனும் கொல்லியும், மேற்கிலும் தெற்கிலும் காவிரி. எனினும் நாடெங்கும் ஓடும் லாரிகளுக்குப் பாடி கட்டித் தரும் நாமக்கல்லில் நின்றுகொண்டு, "இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன்" என்று பேசுவது கேட்போர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். மக்களுள் ஒருவர் சிங்கப்பூரிலும் மற்றொருவர் மெல்போர்னிலும் பணிபுரியும் குடும்பங்களுக்கு இது இன்னும் அயலாகத் தோன்றும்.

ஆனால் எல்லை வகுத்ததன் காரணத்தை நோக்க வேண்டும். வகுத்த எல்லைக்கு அப்பால் நம்மால் எந்த உயிர்க்கும் சிறிதும் தீங்கு செல்லாது. ஆதலின் அவ்விடத்தைப் பொறுத்தமட்டில் அணுவிரதியும் மகாவிரதிக்கு ஒப்பாவான் என்பது ஆசாரியர் கருத்து. இதனைத் திருப்பிப் பார்த்தால், எவ்வளவு தொலைவு எல்லையை விரிக்கின்றோமோ அவ்வளவு தொலைவுக்கு நம் இம்சையும் உடன் செல்கிறது என்பது பெறப்படும். கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் வாங்குபவர் பொறுப்பின் எல்லையையும் சேர்த்தே விரித்துக் கொள்கிறார். பயணம் கூடாது என்பது இவ்விரதத்தின் கருத்தன்று. பழங்காலத்தில் நம் வணிகர் செல்லாத துறை இல்லை. சென்ற இடத்தில் நம்மால் விளைவது இன்னது என்று அறிந்து செல்ல வேண்டும் என்பதே கருத்து.

முதலாவதாக, நாம் எடுத்துச் செல்வனவும் எடுத்து வருவனவும்.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் குடும்பங்களின் அடையாளம். ஆனால் வடிகட்டிய பின் செய்யவேண்டிய ஒன்றை இக்காலத்துப் பிள்ளைகள் அறியார். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மீண்டும் சேர்ப்பித்தல் வேண்டும். ஒரு நீர்நிலையின் உயிரை மற்றொரு நீர்நிலையில் விடலாகாது. விட்டால் அவ்வுயிர்க்கும் கேடு. அங்குள்ள உயிர்க்கும் கேடு. இன்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தம் விமான நிலையங்களில் இயற்றிவரும் கடுஞ்சோதனை ஏறத்தாழ இந்த முறையே ஆகும். உணவு, விதை, பழம், மரப்பொருள், மண் ஒட்டிய காலணி ஆகியவை உளவோ என்று வருகைப் படிவத்தில் வினவுவர். நியூசிலாந்தில் அறிவிக்காமல் பையில் வைத்திருந்த ஒரே ஒரு பழத்துக்கும் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம் விதிக்கப்படும்.

மகளின் பேறுகாலத்துக்காகச் செல்லும் தாய்மார் கறிவேப்பிலையும், முருங்கை விதையும், வீட்டு நெய்யும், வடகமும் கொண்டு செல்கின்றனர். அன்பினால் கொண்டு செல்வதில் குற்றம் காண்பார் யாருமிலர். "இல்லை" என்று படிவத்தில் குறியிடுவதே குற்றம். அறிவித்தால் பெரும்பாலும் நேர்வது, அதிகாரி பார்த்துவிட்டு அனுமதிப்பது அல்லது அப்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது, அவ்வளவே. அசௌரிய விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் விருத்த ராஜ்யாதிக்கிரமம் என ஒன்று உண்டு. ஒரு நாட்டின் ஆணையை மீறிப் பொருளைக் கொண்டுபோதலும் கொண்டுவருதலும் அதன்பாற்படும். பொய்யும் களவும் ஒரே குறியீட்டில் சேர்வதைப் படிவம் நிரப்புவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது எவ்வளவு சிறிய செயல், இதற்கு ஏன் இத்துணைக் கடுமை என்பார்க்கு நம் சமவெளியிலேயே விடை உள்ளது. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதியின் மானாவாரி நிலங்களிலும் இறவை நிலங்களிலும் மரவள்ளி பரந்து விளைகிறது. அதனை நம்பி ஜவ்வரிசி ஆலைகள் இயங்குகின்றன. (மரவள்ளி கிழங்காதலின் நோன்பிகள் விலக்கும் பொருளே, ஆயினும் அதனை விளைவிப்போர் நம் அண்டை வீட்டார்.) இந்தியாவில் முன்பு இல்லாத மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது, விரைவில் நம் வயல்களையும் அடைந்தது. நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கின, கணுக்கள் குறுகின, கிழங்கு இறங்கவில்லை. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவைச் சென்றடைந்து, அங்குக் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவை அழித்தது. தானாகக் கடல் கடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நடவுத்தண்டோடு ஒட்டி, மனிதர் கைவழியே செல்வது அதன் இயல்பு.

அதற்குப் பகையான சிறு குளவி ஒன்றனை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வருவித்து, 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேளாண் அறிஞர் வெளிவிட்டனர். குளவி மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடும். குஞ்சு அதனைத் தின்று வளரும். இதனைப் படிக்கும் நம்மவர்க்கு நெஞ்சம் கூசும். ஆனால் குளவி இல்லையேல் மருந்து தெளிக்க வேண்டும். மருந்து மாவுப்பூச்சியோடு தேனீயையும் மண்புழுவையும் கொல்லும். எந்த இம்சை குறைவு என்று உழவர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. எங்கோ எவரோ எல்லை கடத்திய ஒரு தண்டு, அவர் முகம் அறியாத ஆயிரம் உழவரை இந்நிலையில் நிறுத்தக் கூடும். திக்குவிரதம் இல்லாத பயணத்தின் விளைவுக்கு இதனினும் தெளிவான உதாரணத்தை எம்மால் தேட இயலவில்லை.

இனி, நம்மவர் மிகுதியும் இடறும் இடம் ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது ஜீவதயை என்னும் நற்குணத்தின் பெயராலேயே நிகழ்வது.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளிலும் குரங்குகள் சாலையோரம் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கார்கள் நிற்கின்றன, பிள்ளைகள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டுகின்றனர். உயிர்க்கு உணவளித்தோம் என்ற மனநிறைவோடு குடும்பம் மேலே செல்கிறது. அக்குரங்கு காட்டில் காயும் தளிரும் தேடி உண்ணும் பழக்கத்தைக் கைவிட்டுச் சாலையில் தங்குகிறது. அடுத்த வளைவில் இறங்கிவரும் வாகனம் அதன் குட்டியின் மீது ஏறுகிறது. கை நீட்டாத பயணியின் கையைக் கடிக்கிறது. அதன்பின் கூண்டில் அடைபடுகிறது. தயை என்று தொடங்கியது வதையில் முடிகிறது. அநர்த்ததண்டம் ஐந்தனுள் பிரமாதசரியை என்று கூறப்படுவது, பயனின்றியும் எண்ணிப் பாராமலும் செய்யும் செயல். இது அதனுள் அடங்கும்.

இலங்கையில் இதே காட்சி யானையளவு பெரிதாகிறது. உடவளவைத் தேசியப் பூங்காவின் மின்வேலியை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் காட்டு யானைகள் வேலிக்கு உட்புறம் வரிசையாக வந்து நிற்கும். பயணிகள் சாலையோரக் கடையில் பழம் வாங்கி வீசுவர். புத்தலையிலிருந்து கதிர்காமம் செல்லும் சாலையிலோ வேலியும் இல்லை. யானை வாகனத்தை மறித்துத் துதிக்கையை உள்ளே நீட்டும். வனத்துறை இதனைத் தடை செய்துள்ளது. ஆயினும் கதிர்காமத்துக்கு வழிபடச் செல்வோரும், விநாயகரின் வடிவம் என்று பக்தியோடு நோக்கும் நம் தமிழகத்துப் பயணிகளும் நிறுத்தவில்லை. மனிதர் கையிலிருந்து உண்ணக் கற்ற யானை ஊருக்குள் வருகிறது; வயலுக்குள் வருகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மக்களும் இம்மோதலில் மாண்டனர். இம்மரணங்கள் அனைத்தும் பயணிகள் வீசிய பழத்தால் நேர்ந்தன அல்ல. காடு சுருங்கியதே முதற்காரணம். ஆனால் நாம் வீசும் பழம் அந்த நெருப்புக்கு நெய்யாகிறது. அம்பாறை அருகே குப்பைமேட்டில் நெகிழிப்பையைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகெங்கும் வெளியாயிற்று. உணவுப் பொட்டலத்தைப் பைக்குள் மடித்து வைத்துத் தங்குமிடத்துக்கே கொண்டுவருவது பெரிய தவமன்று.

யானை மீது சவாரி, புனுகுப்பூனையைக் கூண்டில் அடைத்துக் காப்பிக்கொட்டையை உண்பித்து எடுக்கும் பாலித்தீவின் காப்பி, புலியோடு நின்று எடுக்கும் தாய்லாந்துப் புகைப்படம் ஆகியவற்றை விலக்குக என்று நம் வாசகர்க்குக் கூற வேண்டிய தேவையே இராது என்று நம்புகிறோம். ஆனால் பவளத்தைக் கூற வேண்டும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரில் உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முழங்கால் அளவு நீரிலேயே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதோர் அதன்மேல் ஊன்றி நிற்பர். பல ஆண்டு வளர்ந்தது ஒரு மிதியில் முறியும். நம் நூல்கள் பவளத்தைப் பிருத்திவிகாய வகையில் வைத்து எண்ணின. இன்றைய விலங்கியல் அதனை எண்ணிலாச் சிற்றுயிர்களின் திரள் என்கிறது. எவ்வகையில் வைப்பினும் மிதிக்கத் தகாததே. முனிவர்க்கு ஓதிய ஈரியா சமிதி, நான்கு முழம் முன்னே நோக்கி அடியெடுத்து வைக்க என்பது. கடற்கரையில் இல்லறத்தாரும் அதனைக் கைக்கொள்ளலாம்.

காலம் பார்த்துப் பயணத்தை நிறுத்துவதும் நமக்குப் புதிதன்று. மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் பெருகுமாதலின் துறவியர் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை அந்நாட்டரசு 2018 ஜூன் திங்களில் மூடிற்று. 2000இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் புகழ்பெற்ற அச்சிறு கடற்கரைக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்ததில் பவளம் அழிந்துபோயிற்று. மூடியபின் சுறாக்கள் திரும்பின. 2022 சனவரியில் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பரில் மீண்டும் மூடப்படுகிறது. அதற்குச் சாதுர்மாசம் என்று பெயரிட்டால் தவறாகாது.

விமானத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. தற்கால விமானங்களில் ஒரு பயணிக்கு நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 லிட்டர் எரிபொருள் செலவாகிறது. சென்னையிலிருந்து இலண்டன் சென்று திரும்பினால் ஏறத்தாழ 16,400 கிலோமீட்டர். ஒருவர் பங்கு 490 லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் இதனைக் கொண்டு 22,000 கிலோமீட்டர் செல்லலாம். பேரனைக் காணச் செல்லும் பாட்டியைத் தடுக்க இதனைக் கூறவில்லை. மூன்று நாளில் நான்கு நாடு காட்டும் திட்டங்களைக் காட்டிலும், ஒரே நாட்டில் ஒரே ஊரில் பத்து நாள் தங்குவது தேசவிரதத்துக்கும் இணங்கும், பணப்பைக்கும் இணங்கும். அருகில் உள்ள இலங்கைக்குக் கடல்வழியும் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. புறப்படுமுன் அப்பருவத்தில் கப்பல் உண்டா என்று கேட்டறிக.

உணவு, நீர் பற்றி நம் தாய்மார்க்கு நாம் கற்பிக்க வேண்டுவது குறைவு. பொழுது சாயுமுன் உண்ணும் குடும்பம் முற்பகலிலேயே விடுதியாரிடம் கூறிவிடுதல் நன்று. இருட்டியபின் சமையலறையைத் தனியே திறக்கச் சொல்வது அங்குள்ள பணியாளர்க்குத் துன்பம். சிறு குடும்ப விடுதிகளில் கொதித்த நீர் கேட்டால் மகிழ்ந்து தருவர். அதனை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துக்கொண்டால் நாளுக்கு ஐந்தாறு நெகிழிக் குப்பிகள் மிஞ்சும். கொதித்த நீருக்கும் நம் முறையில் காலவரை உண்டு என்பதை நினைவூட்டுகிறோம்.

தமிழ் பேசுவோராதலின் இலங்கையில் நமக்கு மட்டுமே நேரும் ஒரு சோதனை உளது. சீகிரியா போன்ற தொல்லிடங்களில் அயல்நாட்டார்க்கு ஒரு கட்டணம், சார்க் நாட்டினர்க்குக் குறைந்த கட்டணம், உள்நாட்டார்க்கு மிகச் சிறிய கட்டணம். "பேசாமல் யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடுங்கள்" என்று யோசனை கூறும் ஓட்டுநர் உண்டு. அதனைச் சாமர்த்தியம் என்று ஊர் திரும்பிப் பெருமை பேசுவோரும் உண்டு. மேலே சுட்டிய அதிசாரம் இங்கும் பொருந்தும். கடவுச்சீட்டைக் காட்டிச் சார்க் கட்டணத்தைச் செலுத்துவதில் இழுக்கில்லை.

நுவரெலியா, அட்டன் பக்கம் செல்லும் நம் மாவட்டத்தார் வேறொன்றும் அறிதல் வேண்டும். அங்குக் கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோருள் பலர் சேலம், நாமக்கல், ஆத்தூர், முசிறி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைக்கும் நடந்தும் தோணியேறியும் சென்றனர். 1948இல் இயற்றிய சட்டத்தால் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் ஒரு பகுதியினர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டனர். அம்மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. வண்டியை நிறுத்தி, கேளாமலே படமெடுத்து, பிள்ளை கையில் பத்து ரூபாய் நோட்டைத் திணித்துச் செல்வது உறவினர் வீட்டில் செய்யத்தக்கதா? "அக்கா, படம் எடுக்கலாமா?" என்று கேட்பதற்கு நமக்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டா. நின்று பேசினால், தம் கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயரைச் சிதைந்த வடிவில் அவர்கள் கூறுவதும், அது இராசிபுரத்துக்கு அருகில் உள்ள ஊர் என்று நாம் உணர்வதும் நிகழக் கூடும். பரிசுப்பொருள் வாங்க எண்ணுவோர் பெரிய கடையை விடுத்து, லயத்தின் வாயிலில் காய்கறி விற்போரிடம் வாங்கலாம்.

இறுதியாக அநுராதபுரம். நம் குடும்பங்கள் அங்குச் செல்லும்போது மனத்தளவில் ஆயத்தமாதல் வேண்டும். ஏனெனில் அது நமக்கு வெறும் காட்சியிடம் அன்று. பாண்டுகாபய மன்னன் தன் நகரை வகுத்தபோது சோதியர் என்னும் நிகண்டர்க்கு இல்லம் அமைத்தான், கிரி என்னும் நிகண்டரும் அப்பகுதியில் வாழ்ந்தார், கும்பண்டர் என்னும் நிகண்டர்க்கும் ஆலயம் எடுத்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. நிகண்டர் என்போர் நிர்க்கிரந்தராகிய நம் துறவியரே. இருபத்தொரு மன்னர் காலம் அவ்வாராமம் நிலைத்தது என்பது அந்நூலின் கணக்கு. பின்னர் வட்டகாமணி அபயன் தமிழ்ப்படையிடம் தோற்று ஓடியபோது, அங்கிருந்த கிரி என்னும் நிகண்டர் அவனை எள்ளிக் கூவினார் என்றும், அவன் வென்று மீண்டு, கி.மு. முதல் நூற்றாண்டில் அந்த ஆராமத்தை இடித்து அவ்விடத்தே விகாரை எடுத்தான் என்றும் அந்நூல் உரைக்கும். மன்னன் பெயரும் நிகண்டர் பெயரும் சேர்ந்து அபயகிரி ஆயிற்றாம்.

இது பௌத்தத் துறவியர் பல நூற்றாண்டு கழித்து எழுதிய செய்தி. ஒரு நிகண்டத் துறவி வாக்கை அடக்காமல் அவ்வாறு கூவியிருப்பாரா என்று நமக்கு ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை வழிகாட்டியோடு வாதிடுவதற்கும், இடிபட்ட வரலாற்றைப் பிள்ளைகள் மனத்தில் பகையாக ஊன்றுவதற்கும் அபயகிரித் தூபியின் முற்றம் ஏற்ற இடமன்று. இன்று அது வெண்ணாடை அணிந்தோர் மலர்த்தட்டோடு வந்து அமைதியாக அமரும் வழிபாட்டுத் தலம். கழுகுமலையிலும் சமணர்மலையிலும் உள்ள நம் திருவுருவங்களின் மடியில் அமர்ந்து படமெடுப்போரைக் கண்டு நமக்கு எவ்வளவு வேதனை உண்டாகிறதோ, புத்தர் உருவத்துக்குப் புறங்காட்டி நின்று படமெடுத்துக் கொள்வோரைக் கண்டு அவர்க்கும் அவ்வளவு உண்டாகும். 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவர்க்குக் காலி நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

முழங்காலும் தோளும் மறையும் ஆடை அணிக, வெண்மை சிறந்தது. காலணியையும் தொப்பியையும் முற்றத்துக்கு வெளியே களைந்து செல்க. கற்பாவிய தளம் முற்பகல் பத்து மணிக்கே காலைச் சுடத் தொடங்கிவிடும். முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் பொழுது புலர்ந்த உடனே அங்கிருத்தல் நலம். அந்நேரத்தில் கூட்டமும் இராது.